ஓய்வு நாளில் கூட்டம்

வண்டி நிற்பதற்குள் அராபா கதவைத் திறந்து குதித்துவிட்டாள்.

கரையில் ஒரு படகுகூட இல்லை.

படகுகளை உருட்டித் தள்ளிய தடங்கள் மட்டும் மணலைக் கிழித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. மேட்டில் தென்னங்கீற்றுப் பந்தல். பந்தலுக்குள் வரிசை வரிசையாக நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள். படகுத்துறை கட்ட வந்த கம்பெனியின் ஆட்கள் நான்கு பேர், வெயிலுக்கு ஒதுங்கிய ஓர் ஆடு. அவ்வளவுதான். ஊர் எங்கே?

“மேடம், இன்னிக்குத்தானே கூட்டம்?” என்றான் டிரைவர்.

அவள் மீன் வாட்டும் புகையடுப்புகள் இருக்கும் பக்கம் ஓடினாள்.

எவியாசோ ஊர் மீன்காரிகளுக்கெல்லாம் தலைவியான அகுபா அங்கே விறகு பிளந்துகொண்டிருந்தாள். சாளை கரையை ஒட்டி வரும் ஆகஸ்ட் மாதம். படகுகள் திரும்புவதற்குள் அடுப்புகள் தயாராக வேண்டும்.

“ஆன்ட்டி! படகெல்லாம் எங்க?”

“படகு எங்க இருக்கும்? கடல்ல இருக்கும்.” அகுபா கோடரியை நிறுத்தவில்லை.

“இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை!”

“ஆமா. நேத்து திங்கள்.”

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். அராபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “செவ்வாய்ல யாராவது கடலுக்குப் போவாங்களா ஆன்ட்டி?”

இப்போது கோடரி நின்றது.

“ஏண்டி ஃபான்டேக்காரி, இது என்ன உங்க ஊரா? இங்க ஓய்வு நாள் வியாழன். எங்க கழிமுகத்துக்காரி, இந்தத் தண்ணியோட சாமி, வியாழக்கிழமைதான் கரையேறி உக்காருவா. அன்னிக்கு யாரும் வலை நனைக்கக் கூடாது. உன் கூட்டமும் அன்னிக்குத்தானே? கபென்லா தண்டோரா போட்டானே, ‘ஓய்வு நாள்ல கூட்டம், எல்லாரும் வந்துடுங்க’ன்னு. கேப்டன் எஸோவா பேச்சுகூடத் தயார் பண்ணி வெச்சிருக்கார். நாலு நாளா அவர் பொண்டாட்டிக்குத் தூக்கமே இல்ல.”

அராபாவுக்குக் காதில் கடல் சத்தம் நின்றுபோனது.

கபென்லாவிடம் அப்படிச் சொல்லச் சொன்னது அவள்தான். தலைநகர் அக்ராவுக்கு எழுதிய கடிதத்தில் ‘செவ்வாய்’ என்று எழுதினாள். தண்டோராக்காரரிடம் ‘ஓய்வு நாள்’ என்றாள். அவள் பிறந்த ஃபான்டே கரையில் இரண்டும் ஒன்றுதான். அங்கே செவ்வாய் என்றால் கடல் மூடியிருக்கும், குழந்தைகூடச் சொல்லும். மாவட்ட அலுவலகத்துக்கு மாற்றலாகி அவள் இந்த ஊருக்கு வந்து போனதெல்லாம் ஜூலையில். மீன்பிடித் தடை மாதம். திங்களோ சனியோ, எந்த நாள் வந்தாலும் படகுகள் எல்லாம் மணலில் குப்புறக் கிடந்தன. எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

மீனவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய நாள். சரியாக அவர்கள் ஒருவரும் இல்லாத நாள்.

பந்தல் பக்கமிருந்து மைக் கரகரத்தது. “ஹலோ... ஒன், டூ...”

திரும்ப ஓடினாள்.

படகுத்துறை விசாரணையின் தலைவர் லாம்ப்டே அக்ராவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நீதிபதி. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கம்பெனி வக்கீல், கறுப்புக் கோட்டும் நிம்மதியான முகமுமாக.

அராபா விஷயத்தை மூச்சு வாங்கச் சொன்னாள். லாம்ப்டே கண்ணாடியைக் கழற்றினார்.

“வியாழனா? நான் அக்ராவோட கா இனத்துக்காரன் அம்மா. எங்களுக்கும் செவ்வாய்தான். உன் கடிதத்தைப் பார்த்துட்டு, பரவால்லையே, விவரமான பொண்ணுன்னு நினைச்சேன்.”

“வியாழனுக்குத் தள்ளி வெச்சிடுங்க சார். ஊரே வரும்.”

“தலைவர் அவர்களே,” வக்கீல் குறுக்கே வந்தார், “தேதி பேப்பர்ல வந்திருக்கு. ஒரு அதிகாரிக்கு நாள் குழம்பிடுச்சுன்னு எங்க கட்சிக்காரர் ஏன் காத்திருக்கணும்?”

லாம்ப்டே பெருமூச்சு விட்டார். “அவர் சொல்றது சரி. உனக்காக நான் தள்ளி வெக்க முடியாது. ஊர்க்காரங்க இந்தப் பந்தல்ல உக்காந்து, அவங்க வாயால கேட்டா வெக்கலாம். இல்லேன்னா கம்பெனி அறிக்கையைப் படிச்சு, மூணு தடவை ஆட்சேபணை உண்டான்னு கேட்டு, முடிச்சிட வேண்டியதுதான்.”

முடித்துவிட்டால் என்ன ஆகும் என்று அராபாவுக்குத் தெரியும். ‘ஆட்சேபணை இல்லை’ என்ற ஒரு வரி. அந்த வரி போதும். தூர்வாரும் இயந்திரம் கழிமுகத்துக்குள் இறங்கும். அலையாத்தி மரங்களை வேரோடு பெயர்த்து, மீன் குஞ்சு பொரிக்கும் சேற்றை அள்ளி நடுக்கடலில் கொட்டும். ஊர் ஒன்றும் படகுத்துறையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சாலை வேண்டும், ஐஸ் தொழிற்சாலை வேண்டும். ஆனால் துறையைப் பாறைக்கு அந்தப் பக்கம் கட்டு, கழிமுகத்தை விட்டுவிடு என்பதுதான் கேப்டன் எஸோவாவின் பேச்சு. கம்பெனிக்கு அந்தப் பக்கம் செலவு அதிகம். எஸோவா இப்போது நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

மறுபடியும் அடுப்புகளுக்கு.

“ஆன்ட்டி, நீங்க வாங்க. பத்துப் பொம்பளைங்க வந்து உக்காருங்க. ‘வியாழனுக்கு மாத்துங்க’ன்னு ஒரே ஒரு வார்த்தை. போதும்.”

யாரும் அசையவில்லை. ஒருத்தி விறகுக் கட்டை எடுத்துக்கொண்டு அப்பால் நகர்ந்தாள்.

“படகு கடல்ல இருக்குடி,” என்றாள் அகுபா.

“வழக்குப் பேச வேண்டாம். தேதிதான்...”

“கறுப்புக் கோட்டு போட்டவன் முன்னாடி வாயைத் திறந்தா அதுக்குப் பேர் வழக்குதான். என் புருஷனும் ரெண்டு பசங்களும் அலை மேல இருக்காங்க. அவங்க திரும்பறதுக்கு முன்ன கரையில ஒரு வழக்கு எழுந்தா அது எங்க போய் விழும்? உங்க ஊர்ல பேசுவீங்களா?”

பேசமாட்டார்கள். அது அராபாவுக்கும் தெரியும். படகு வெளியே இருக்கும்போது அவள் அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைகூடப் போடமாட்டாள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் செவ்வாயன்று ஒரே மூச்சில் போடுவாள்.

கரைத் தலைவர் நானா அமிஹெரே பாதாம் மரத்தடியில் அக்யேகே என்ற மரவள்ளிச் சோறும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட மனிதர்; ஆனால் கரையில் அவர் சொல்தான் சட்டம். அராபா முழங்காலிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

“நானா, நீங்க ஒருத்தர் வந்தாலும் போதும்.”

அவர் தலையாட்டினார். “நான் பேசினா கரை பேசின மாதிரி. கரை இப்ப கடல்ல இருக்கு. எப்படிம்மா பேசறது? எல்லாரும் திரும்பட்டும், வரேன்.”

“எப்பத் திரும்புவாங்க?”

“சாளை எப்ப விடுதோ அப்ப. வெயில் சாயும்.”

அதற்குள் லாம்ப்டே பாதி தூரம் அக்ராவுக்குப் போயிருப்பார்.

பந்தலில் அறிக்கை படிக்கத் தொடங்கியிருந்தார்கள். வக்கீல் ஆங்கிலத்தில் ஒரு பத்தி. அதை ஊரின் நிஜெமா மொழியில் சொல்லவேண்டியது தண்டோராக்காரர் கபென்லா. கேட்பதற்கு ஆடு மட்டும்தான் என்றாலும் சட்டம் சட்டம். அராபா அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

“கபென்லா அண்ணே, மெதுவாப் படிங்க.”

“எவ்வளவு மெதுவா?”

“முடியவே கூடாது.”

கபென்லாவின் பல்லெல்லாம் தெரிந்தது. “மேடம், நான் சாவுச் செய்தி சொல்றவன். செத்தவனோட கொள்ளுத் தாத்தால இருந்துதான் ஆரம்பிப்பேன். நீங்க போங்க.”

போவதா? எங்கே?

அராபா மணலில் நின்றாள். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. தூரத்தில், கழிமுகத்துக்கு நேராக, படகுகள் மிளகை இறைத்த மாதிரி தெரிந்தன. சாளை நெருங்கி வந்திருப்பதால் அவையும் நெருங்கித்தான் இருந்தன. கத்தினால் கேட்காது. ஆனால் பார்த்தால் தெரியும்.

கொடிமரம்.

பாறைத் திட்டின் மேல் நின்றது. அதில் சிவப்பு ஏறினால் ஊரில் ஒரு சாவு என்று அர்த்தம். எவன் எங்கே இருந்தாலும், வலையில் என்ன இருந்தாலும், படகைத் திருப்பியே ஆகவேண்டும். இந்த வழக்கத்தில் மட்டும் ஃபான்டே, நிஜெமா என்று பேதம் இல்லை. கரை முழுக்க ஒன்றுதான்.

சாவு இல்லாமல் சிவப்பை ஏற்றியவர்கள் வீட்டில் சாவு விழும் என்பதும் கரை முழுக்க ஒன்றுதான்.

அராபா கல்லூரியில் கடலியல் படித்தவள். அதெல்லாம் சும்மா என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

“எங்க இருக்கே?”

“எங்க இருப்பேன்? செவ்வாய். வலை தைக்கிறேன். ஏன்?”

“வீட்டுக்குள்ள போ. இன்னிக்கு முழுக்க தண்ணி பக்கமே வராதே.”

“என்னடி உளர்றே? சாப்பிட்டியா இல்லியா?”

போனை வைத்தாள்.

அடுப்புகளுக்குப் பின்னால் கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. சனிக்கிழமை யாரோ ஒருவரின் இறுதிச் சடங்குக்கு உடுத்திய துணி அதில் ஒன்று. ரத்தச் சிவப்பு. அராபா அதை உருவியபோது அகுபா நிமிர்ந்தாள். துணியைப் பார்த்தாள்; அராபா ஓடும் திசையைப் பார்த்தாள்.

“ஏய்! ஏய், பைத்தியமே! யாருடி செத்தா? நில்லுடி!”

செருப்பை உதறிவிட்டு ஏறினாள். பாறை காலைக் கிழித்தது. கயிறு உப்பில் விறைத்திருந்தது. பல்லால் இழுத்து முடிச்சைப் போட்டாள். அகுபா பாறையில் கால் வைக்கும்போது துணி உச்சியில் படபடத்தது.

அகுபா மேலே வந்து ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு கயிற்றைப் பிடித்தாள். இறக்கப் போகிறாள் என்று அராபா நினைத்தாள். ஆனால் அவள் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. கடலில் முதல் படகு மூக்கைத் திருப்பியிருந்தது. அதைப் பார்த்து அடுத்தது. அப்புறம் இன்னொன்று.

“இனி இறக்கினா அதைவிடப் பாவம்,” என்றாள் அகுபா. “இது வேண்டாம்டி. இதைத் தவிர என்ன வேணா செஞ்சிருக்கலாம் நீ.”

கீழே பந்தலில் கபென்லா பாடிக்கொண்டிருந்தார். “...அந்த இயந்திரமானது, அய்யா, எப்பேர்ப்பட்ட இயந்திரம் என்றால், யானையும் அல்ல, அதன் தும்பிக்கையும் அல்ல...”

“இதெல்லாம் எங்க அறிக்கையில இருக்கா?” என்று வக்கீல் கேட்பது காற்றில் வந்தது.

“மொழிபெயர்ப்பு வக்கீலய்யா. எங்க மொழி கொஞ்சம் நீளம்.”

லாம்ப்டே ஒருமுறை கேட்டார்: ஆட்சேபணை உண்டா? ஆடு செருமியது. கபென்லா அதை மொழிபெயர்த்து ஒரு நீண்ட கதையாகச் சொன்னார். இரண்டாம் முறை கேட்டார்: உண்டா?

மூன்றாம் முறை கேட்க வாயைத் திறந்தபோது மணலில் முதல் படகு மோதியது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சடசடவென்று நடந்தது. ஈரம் சொட்டும் ஆண்கள் படகு நிற்பதற்குள் குதித்தார்கள். “யாரு? யாரு?” என்ற ஒரே சத்தம். ஒவ்வொருவன் கண்ணும் தன் பெண்டாட்டியை, தன் குழந்தையைத் தேடியது. கேப்டன் எஸோவா மார்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். மடித்துக் கட்டிய இடுப்புத் துணியில் கத்தி இன்னும் செருகியிருந்தது.

“எங்கம்மாவா? சொல்லுங்க, எங்கம்மாவா?”

“உங்கம்மா நல்லா இருக்கா,” என்றாள் அகுபா. “யாரும் சாகல.”

“சாகலையா?”

அகுபா விரலை நீட்டினாள். கன்னம் வீங்கி, கால் ரத்தம் வழிய, அராபா நின்றாள்.

எஸோவாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்தபோது அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “வலை நிறைய சாளை இருந்துச்சு. இழுக்க நேரமில்லன்னு அறுத்து விட்டுட்டு வந்தேன். வலையும் போச்சு. தடை மாசம் முழுக்கக் கடன்ல சாப்பிட்டுத் தைச்ச வலை.”

அராபாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கூட்டம் அவளை நெருக்கியது. யாரோ ஒருவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். அப்போது நானா அமிஹெரேயின் கைத்தடி மணலில் தட்டியது.

“கடைசிப் படகு வந்தாச்சா?”

“வந்தாச்சு நானா.”

“எல்லாரும் கரையிலயா?”

“எல்லாரும்.”

“அப்ப இனி வழக்குப் பேசலாம்.” அவர் சுற்றிலும் பார்த்தார். “நாற்காலி எங்க இருக்கோ அங்க வாங்க.”

ஊர் மொத்தமும் பந்தலுக்குள் நுழைந்தது. நீல நாற்காலிகள் நிறைந்து, நடுவழி நிறைந்து, ஆட்டைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு அந்த இடத்திலும் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். மீன் வாடையும் டீசல் வாடையும் எழுந்தன. லாம்ப்டே கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“என்னம்மா இது?” என்று அராபாவிடம் கேட்டார்.

“என் மேல ஒரு வழக்கு சார்.”

மைக்கை நானாவிடம் நீட்டினார் கபென்லா. நானா வாங்கவில்லை, அவர் குரலுக்கு அது தேவைப்படவில்லை.

“பொண்ணே, சாவு இல்லாம சிவப்பை ஏத்தினது நீதானே?”

“நான்தான்.”

“எதுக்கு?”

அராபா ஊரைப் பார்த்துச் சொன்னாள். தான் குழப்பிய நாளை, அக்ராவுக்கு எழுதிய செவ்வாயை, மூன்று கேள்வியில் முடியப்போகிற கழிமுகத்தை. எதையும் அலங்கரிக்கவில்லை. அவள் பேசப் பேச லாம்ப்டேயின் மேசை மேல் இருந்த ஒலிப்பதிவுக் கருவியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

வக்கீல் துள்ளி எழுந்தார். “தலைவர் அவர்களே, இது நம்ம விசாரணையே இல்ல! இவங்க எல்லாம் வேற வழக்குக்காக வந்திருக்காங்க!”

“எதுக்காக வந்தாங்கன்னு சட்டம் கேக்கல, வக்கீல் சார். வந்திருக்காங்களான்னுதான் கேக்குது.” லாம்ப்டே நானாவின் பக்கம் திரும்பினார். “பெரியவரே, துறை பத்தி உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?”

“நிறைய இருக்கு. ஆனா இன்னிக்குச் சொல்ல முடியாது. பொய்ச் சிவப்பு ஏறின கரை. கழுவாம இதுல வேற பேச்சு எடுக்கக் கூடாது. வியாழக்கிழமை சொல்றோம்.”

“கேக்கறீங்களா? வியாழனுக்கு மாத்தணும்னு கேக்கறீங்களா? உங்க வாயால சொல்லுங்க.”

நானா எஸோவாவைப் பார்த்தார். எல்லோரும் எஸோவாவைப் பார்த்தார்கள். அவர் இன்னும் கைகளைப் பார்த்தபடி இருந்தார், வலையை அறுத்த கைகளை.  இந்த மனிதர் இப்போது ஆத்திரத்தில் எழுந்து போனால், பின்னால் பாதி ஊர் போகும்.

எஸோவா எழுந்தார்.

“இவ மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கல எனக்கு,” என்றார். “ஆனா என் பேச்சு இவளுக்காக எழுதினது இல்ல. வியாழக்கிழமை.”

“வியாழக்கிழமை!” என்றது பந்தல்.

லாம்ப்டே எழுதிக்கொண்டார். வக்கீல் பையை மூடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“இப்ப நம்ம வழக்கு,” என்றார் நானா. தீர்ப்பு சுருக்கமாக வந்தது. கரையைக் கழுவ ஓர் ஆடும் சாராயமும். எஸோவாவின் வலைக்கு என்ன செய்வது என்பதை அவள் வீட்டுப் பெரியவர்கள் வந்து பேசவேண்டும். அதோடு, அடுத்த கழிமுகத் திருநாள் வந்து போகும் வரை அவள் கால் இந்த மணலில் படக்கூடாது.

“நானா!” அராபா பதறினாள். “ஆடு தரேன், எல்லாம் தரேன். வியாழக்கிழமை மட்டும் நான் இங்க இருக்கணும். சேத்துல எடுத்த சோதனை எல்லாம் என்கிட்டதான் இருக்கு. நான்தான் சொல்லணும்.”

“படாதுன்னா படாது.”

அகுபா அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். இழுப்பில் பரிவு ஒன்றும் இல்லை.

“அதையெல்லாம் எழுதி ட்ரோ-ட்ரோ வேன்ல குடுத்து விடு. என் மூத்த மருமக டீச்சர். அவ படிப்பா.”

“யாராவது குறுக்குக் கேள்வி கேட்டா?”

“கேக்கட்டும். படகு கரையில இருக்கும்ல? அன்னிக்கு எங்க வாய்க்குப் பூட்டு இல்ல.” அகுபா காலி அடுப்புகளைப் பார்த்தாள். பிளந்து அடுக்கிய விறகு அப்படியே கிடந்தது. ஒரு பெண் அலுமினியத் தட்டைத் தரையில் விட்டெறிந்து, இன்றைக்குப் பிள்ளைகளுக்கு எதைப் பொங்கிப் போடுவது என்று காற்றைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். “போ. நானா திரும்பிப் பார்க்கறதுக்குள்ள போ. இதுக்காக நான் உனக்கு நன்றி சொல்வேன்னு நினைக்காதே.”

தார்ச்சாலையில் வண்டி காத்திருந்தது. போனில் மாவட்ட அலுவலகத்தின் எண் மறுபடியும் மறுபடியும் மின்னியது. வக்கீல் அதற்குள் பேசியிருப்பார். அராபா எடுக்கவில்லை. நாளை அந்த மேசை அவளுக்கு இருக்குமோ என்னவோ. இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் சோதனை அறிக்கையை இன்றைக்குள் எழுதியாக வேண்டும், எளிதாக, ஒரு டீச்சர் மைக்கில் படிக்கும்படி. வக்கீல் எந்த இடத்தில் கை வைப்பார்? உப்புத்தன்மைக் கணக்கில் வைப்பார். அங்கே இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்.

“மேடம், கால்ல செருப்பு இல்ல,” என்றான் டிரைவர்.

திரும்பிப் பார்த்தாள். செருப்பு பாறைத் திட்டின் அடியில் கிடந்தது. நடுவில் ஐம்பதடி மணல்.

“போய் எடுத்துட்டு வரட்டுமா?”

“வேண்டாம். வண்டியை எடு,” என்றாள் அராபா. “பேனா இருக்கா உன்கிட்ட?”